ஓடுவதற்கு முன்பே ஒரு பதில்

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை கார் பந்தயத் தடத்தில் சில பந்தயங்களின் முடிவு செக்கர்டு கொடி விழுந்த பிறகுதான் தெரியவரும். முன்னணியில் வந்த கார்கள் நேராக பார்க் ஃபெர்மே என்னும் காவல் பகுதிக்குப் போய் நிற்கும். டீம் ஆட்கள் ஸ்பேனரோடு கிட்டே நெருங்க முடியாது. எடை பார்ப்பார்கள், இன்ஜின் சீலைப் பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் ஹெட்டைக் கழற்றச் சொல்வார்கள். பலகையில் ஒட்டும் முடிவுப் பட்டியல் முதலில் தற்காலிகமானதுதான். அது ஒட்டப்பட்டு 30 நிமிடத்துக்குள் எந்தப் போட்டியாளரும் கட்டணம் கட்டி, ‘அந்த வண்டி விதிப்படி இல்லை’ என்று எழுதிக் கொடுக்கலாம். சர்வதேச விதித்தொகுப்பு தரும் உரிமை அது.

எங்கள் நங்கநல்லூரிலிருந்து கத்திப்பாரா, பூந்தமல்லி வழியாக வார இறுதியில் அங்கே போகிற இளைஞர்களில் பலர் மற்ற நாட்களில் அலுவலகம் போகிறவர்கள். டயருக்கும் லேத்துக்கும் அவர்கள் கொடுப்பது சம்பளப் பணம். அப்படிப்பட்ட ஒருவரின் வண்டி ஏமாற்றும் எண்ணத்தால் அல்லாமல் விதியின் ஒரு வரியை வேறுமாதிரிப் படித்ததால் தகுதியிழந்தால், அந்த சீசனே போய்விடும். இது நடக்காமல் தடுக்க முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

மாருதி எஸ்டீம் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். நம் டூரிங் கார் பந்தயங்களில் நிறைய ஓடிய இன்ஜின். போர் 74 மி.மீ., ஸ்ட்ரோக் 75.5 மி.மீ., நாலு சிலிண்டரும் சேர்ந்து 1298 சிசி. ஓடித் தேய்ந்த பிளாக்கை லேத்துக்குக் கொடுத்து, ரீபோர் செய்து, அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போடுகிறோம். போர் 74.5 ஆகிவிட்டது. கணக்குப் போட்டால் 1316 சிசி வருகிறது. கால் மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போட்டாலே 1307-ஐத் தாண்டிவிடும். தேய்ந்த இன்ஜினைச் சரிசெய்ய எந்த மெக்கானிக்கும் செய்கிற வேலைதான் இது. ரோட்டில் ஓட்ட ஒரு தடையும் இல்லை. ஆனால் பந்தயப் பிரிவு ‘1300 சிசிக்கு மிகாமல்’ என்று சொன்னால்? தேய்மானத்துக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் விதிப்புத்தகங்கள் உண்டு, கொடுக்காதவையும் உண்டு. புத்தகம் ஒன்றுமே சொல்லாவிட்டால் ப்ரொடக்‌ஷன் கார் பந்தயங்களின் வழக்கம் கடுமையானது: வெளிப்படையாக அனுமதிக்காத எதையும் செய்யக்கூடாது.

சந்தேகம் வந்ததும் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்வது பிட்டில் தெரிந்த ஸ்க்ரூட்டினியரைப் பிடித்துக் கேட்பது. அவரும் நல்ல மனதோடு, “பரவாயில்ல தம்பி, ஓட்டுங்க” என்பார். அந்த வார்த்தையை நம்பி ஓட்டக்கூடாது. ஸ்க்ரூட்டினியர் அளந்து அறிக்கை தருபவர், முடிவெடுப்பது ஸ்டூவர்டுகள் என்னும் நடுவர்கள். காலைச் சோதனையில் பெரும்பாலும் ரோல் கேஜ், சீட் பெல்ட், தீயணைப்பான், ஹெல்மெட் என்று பாதுகாப்பைத்தான் பார்க்கிறார்கள். அதில் ஸ்டிக்கர் வாங்கிவிட்டால் இன்ஜினுக்கும் ஒப்புதல் கிடைத்ததாக ஆகாது. சோதனைக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாலே அது விதிப்படிதான் இருக்கிறது என்று போட்டியாளரே உறுதி சொன்னதாக அர்த்தம். நிரூபிக்கும் பொறுப்பு கடைசிவரை அவருடையது.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2018 மோன்சா ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஹாஸ் அணியின் ரொமேன் குரோஷான் ஆறாவதாக வந்தார். காரின் அடித்தட்டு ஓர வளைவு பற்றி, உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏ அதற்கு முன்பே விளக்கம் அனுப்பியிருந்தது. மாற்றத்தைச் செய்து முடிக்க ஹாஸ் கூடுதல் அவகாசம் கேட்டிருந்தது. ரெனோ அணி புகார் கொடுத்தது, குரோஷான் தகுதியிழந்தார், மேல்முறையீடும் தோற்றது. எஃப்ஐஏவோடு கடிதம் எழுதிப் பேசிக்கொண்டிருந்த, வழக்கறிஞர் வைத்திருந்த அணிக்கே இந்த நிலை என்றால், பிட்டில் கேட்ட வாய்வார்த்தையை நம்பி ஓட்டும் இளைஞர் எதைக் காட்டி வாதாடுவார்?

அமெரிக்காவில் அமெச்சூர் பந்தயங்களை நடத்தும் எஸ்சிசிஏ அமைப்பில் எனக்குப் பிடித்த ஒரு வழி உண்டு. வேறொருவர் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல், உறுப்பினர் தானே கட்டணம் கட்டி, தன் வண்டியின் பாகம் செல்லுமா என்று தீர்ப்புக் கேட்கலாம். குற்றம்சாட்ட ஆள் இல்லாத வழக்கு. இதில் பகை வராது, கோப்பையும் பறிபோகாது.

நம் ஊரில் இதற்கு அஸ்திவாரம் ஏற்கெனவே இருக்கிறது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தி, 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தைத் திறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் அனுபவம் சாதாரணமானதல்ல. உரிமமும் தொழில்நுட்ப விதிகளும் எஃப்எம்எஸ்சிஐ என்ற தேசியக் கூட்டமைப்பின் கையில் இருக்கின்றன. எழுத்துச் சான்றின் பலத்தைச் சென்னை ரசிகர்களும் நேரில் பார்த்தவர்கள். 2024 ஆகஸ்டு 31-இல் தீவுத்திடலைச் சுற்றித் தொடங்கிய தெருப் பந்தயத்துக்கு எஃப்ஐஏ சான்றிதழ் வந்தாக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. மழையால் சோதனை தள்ளிப்போனது, கெடுவும் நீண்டது. சான்று கைக்கு வந்த பிறகு, இரவு விளக்கில்தான் கார்கள் ஓடின. தடத்துக்கு அவ்வளவு கறாராக இருக்கத் தெரிந்த நாம், அதில் ஓடும் வண்டிக்கும் அப்படி இருக்கலாம்.

இப்படி முன்கூட்டியே விளக்கம் கேட்டால் தன் யோசனை எதிராளிக்குத் தெரிந்துவிடுமே என்று தயங்குபவர்கள் உண்டு. நியாயமான பயம்தான். 2019 ஃபார்முலா ஒன் சீசனில் எரிபொருள் ஓட்டத்தைப் பற்றி ரெட் புல் அணி கேட்ட விளக்கம் பாடாக் முழுவதையும் ஃபெராரி பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் அமெச்சூர் களத்தில் பெரும்பாலான கேள்விகள் ரகசியக் கண்டுபிடிப்பைப் பற்றியவை அல்ல. ஓவர்சைஸ் பிஸ்டன், வேறு கம்பெனி கிளட்ச் பிளேட், உற்பத்தி நின்றுபோன பாகத்துக்கு மாற்று என்று எல்லோருக்கும் வருகிற சந்தேகங்கள்தான். ஒருவருக்குச் சொன்ன பதில் எல்லோருக்கும் பயன்படும்.

கூட்டமைப்பிடம் நான் எதிர்பார்ப்பது இதுதான். சீசன் தொடங்கும் முன் கேள்விக்கு ஒரு கெடு தேதி, பதிலுக்கு ஒரு கெடு தேதி. விதி எண், அளவு, புகைப்படத்தோடு வரும் கேள்விக்கு எண்ணிட்டு, தேதியிட்டு, கையெழுத்திட்ட பதில். அந்தப் பதில் பந்தய நாளில் ஸ்டூவர்டுகளையும் கட்டுப்படுத்தும் என்று விதியிலேயே ஒரு வரி. கேட்டவர் பெயரை நீக்கிவிட்டு, அதே பதில் அந்தப் பிரிவில் ஓடும் அனைவருக்கும் ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும். ஸ்க்ரூட்டினியர்களில் பலர் ஆர்வத்தால் மட்டுமே வெயிலில் நிற்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை, முப்பது நிமிடப் பதற்றத்தில் விதிக்குப் பொருள் சொல்லும் சுமையை அவர்கள் தலையில் ஏற்றவும் வேண்டியிருக்காது.