எட்டாம் பக்கம்

சமீபத்தில் நான் படித்ததிலேயே கஷ்டமான புத்தகம், மயிலாப்பூர் நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த நாற்பது பக்க மெடிக்ளெய்ம் பாலிசி. ஆசிரியர் பெயர் இல்லை. முதல் பத்துப் பக்கம் எதெல்லாம் கிடைக்கும் என்கிறது. மிச்ச முப்பதும் எதெல்லாம் கிடைக்காது என்பதற்கு. பொடி எழுத்து.

நண்பரின் ஆறு வயசுப் பெண்ணுக்கு வீசிங். ஆஸ்பத்திரியில் நாலு நாள். அந்த பில்லைக் கம்பெனி கொடுத்துவிட்டது. வீட்டுக்கு வந்தபின் டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலர், மருந்துகள் இரண்டு மாசத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம். அதற்கு மட்டும் ஒரு வரி பதில்: 'வெளிநோயாளி மருந்து, தர இயலாது.'

"போனாப் போறது சார், ஆறாயிரத்துக்கு யார் அலையறது?" என்றார். இந்த அலுப்பை நம்பித்தான் நாற்பது பக்கமும் எழுதப்பட்டிருக்கிறதோ என்று தோன்றியது.

திரும்பப் படித்தேன். எட்டாம் பக்கத்தில் அகப்பட்டது. அட்மிட் ஆவதற்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள், அதே நோய்க்கான செலவு உண்டு! பல பாலிசிகளில் இப்படி ஒரு ஷரத்து இருக்கிறது. நாள்கணக்குதான் மாறும்.

டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, தேதி போட்ட பில்கள், எட்டாம் பக்கத்தின் நகல் எல்லாம் சேர்த்து கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதச் சொன்னேன். ஒரு மாசத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தியில்லை என்றால் தேனாம்பேட்டை, அண்ணா சாலையில் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்பு வந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம். அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

2024-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, மறுக்கிறவர்கள் எந்த ஷரத்தின்படி மறுக்கிறோம் என்று குறிப்பிட்டே ஆக வேண்டும். ஒரு வரி பதில் செல்லாது. பாலிசியின் சுருக்கத் தகவல் தாளைத் தமிழில் கேட்டாலும் தர வேண்டும். கேட்டுப் பாருங்கள்.

ஆம்புட்ஸ்மன் வரை போக வேண்டியிருக்கவில்லை. மூணாவது வாரம் பணம் வந்துவிட்டது. 'கவனக்குறைவு' என்றார்களாம்.

ஆனால் இந்தப் புத்தகத்தின் பெரிய குறை வேறு. டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்குத் தினமும் இன்சுலின் வேண்டும். ஆயுசுக்கும். ஓ.பி. கவர் தனியாக வாங்காதவரை அதற்குக் காசு கிடையாது. இன்சுலின் இல்லாமல் மயங்கி ஐ.சி.யூ.வில் சேர்த்தால் லட்சக்கணக்கில் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காப்பாற்றுகிற மருந்துக்கு மட்டும் இடமில்லை.

இதை எதிர்த்து அப்பீல் செய்ய எட்டாம் பக்கத்திலும் ஒன்றுமில்லை. நாற்பது பக்கத்தையும் திருப்பி எழுத வேண்டும்.