சிவப்புப் புத்தகமும் ரோட்பிளாக்கும்

மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் 'சிவப்புப் புத்தகம்' சின்னக் கையேடுதான். போலீஸ் நிறுத்தினால் பெயர், ஐசி எண், முகவரி சொல்லுங்கள். சீருடை இல்லாதவரிடம் அதிகார அட்டையைக் கேளுங்கள். கைதா என்று கேளுங்கள், இல்லையென்றால் கிளம்பலாம் என்கிறது. தெளிவான மொழி. ஆனால் எதிரே நிற்பவரும் சட்டப்படி பதில் சொல்வார் என்று நம்பி எழுதிய உரையாடல் இது.

2009 ஜனவரியில் 22 வயது குகன் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். அதே ஆண்டு மே 7 அன்று, கைதானவர்களுக்காகப் பிரிக்பீல்ட்ஸ் காவல் நிலையம் போன ஐந்து வழக்கறிஞர்களையே கைது செய்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், ராத்திரி கிள்ளான் ரோட்பிளாக்கில் நிற்கும் பையனுக்கு வாய் எப்படி வரும்? அந்தப் பயத்துக்குப் புத்தகத்தில் இடம் போதவில்லை.

இருந்தாலும் பையில் வைத்திருக்கிறேன். மனசுக்குள் படித்தால் போதாது. அந்தக் கேள்வியை மலாயில், வாய்விட்டுச் சொல்லிப் பழகணும்.