முறத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்

வீட்டில் பழைய முறம் இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லையென்றால், தை பிறப்பதற்கு முன் செங்கல்பட்டுப் பக்கத்துக் கடைத்தெருக்களில் கூடையோடு முறமும் வந்து இறங்கும். அப்போது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மூங்கில் வேலையை ரசிக்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. பிறகு கலைக்கூடத்துக்குப் போகலாம்.

முறத்தின் உள்பக்கம் வெந்தயமும் காகிதக் கூழும் பூசி மெழுகியிருக்கலாம். அதனால் கவிழ்த்துப் பிடித்து, சாய்ந்த வெயிலில் காட்டுங்கள். மூங்கிலைப் பிளந்து சீவிய பத்தைகள், இரண்டு பத்தைக்கு மேலே, இரண்டு பத்தைக்குக் கீழே என்று பின்னல் ஓடுவது தெரியும். ஒவ்வொரு வரியிலும் ஒரு பத்தை தள்ளித் தொடங்குவதால் பின்னல் குறுக்காகப் படியேறிப் போகும். இந்தப் படிகளில் எங்காவது தடுமாற்றம் இருக்கிறதா என்று விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு பத்தையைத் தேர்ந்தெடுத்து, அது விளிம்பில் நுழைந்து மறையும் வரை பின்தொடருங்கள். பளபளப்பாக இருப்பது மூங்கிலின் தோல். சிலிக்கா செறிந்திருப்பதால் அது தேயாது, தண்ணீரையும் எளிதில் உள்ளே விடாது. மங்கலாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பது உள்சதை. எந்த இடத்தில் தோலை வைப்பது, எந்த இடத்தில் சதையை வைப்பது என்பது முடைந்தவர் எடுத்த முடிவு. கணு விழும் இடங்களையும் கவனியுங்கள். கணுவில் நார் வளைந்து ஓடுவதால் பத்தை அங்கேதான் முரண்டு பிடிக்கும், அங்கேதான் ஒடியும். நல்ல கை அதைச் சீவி, பக்கத்துப் பத்தையின் கணுவோடு ஒரே வரிசையில் சேராமல் தள்ளிப் போட்டிருக்கும்.

அடுத்து ஒரு பிடி அரிசியைப் போட்டுப் புடைத்துப் பாருங்கள். புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என்று மணிக்கட்டின் ஒவ்வொரு அசைவுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறோம். முறத்தின் பின்சுவர் எவ்வளவு உயரம், வாய் எவ்வளவு அகலம், நடுவில் எவ்வளவு குழிவு என்பதையெல்லாம் அந்த அசைவுகள்தான் தீர்மானித்திருக்கின்றன. அழகுக்காக வைத்த வளைவு அதில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அது அழகாக இருக்கிறது.

முடைவதற்கு முன் நடப்பது இன்னும் பெரிய வேலை. மூங்கிலைப் பிளப்பதை வாய்ப்புக் கிடைத்தால் அருகில் உட்கார்ந்து பாருங்கள். கத்தி தொடங்கி மட்டுமே வைக்கிறது. அதன் பிறகு பிளவு நாரோடு தானாக ஓடுகிறது. ஓடும்போது ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிய ஆரம்பிக்கும். அப்படியே விட்டால் மெலிந்த பக்கம் பாதியில் அறுந்துபோகும். முடைபவர் அப்போது கத்தியைத் தொடுவதில்லை. தடித்த பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாக வளைக்கிறார். பிளவு அந்தப் பக்கம் திரும்பி மறுபடி நடுவுக்கு வந்துவிடுகிறது. கண் அங்கே போவதற்குள் கை செய்து முடித்திருக்கும். எந்த வயது மூங்கில் என்பதையும் அந்தக் கையே சொல்லிவிடும். முடைவதற்கு இளசு வேண்டும். பந்தற்காலுக்கும் ஏணிக்கும் மூன்று நான்கு ஆண்டு முற்றியது வேண்டும். மாவுச்சத்து மிகுந்த மூங்கிலை வண்டு துளைக்கும். கூடையைத் தட்டினால் மஞ்சள் மாவு கொட்டுகிறதென்றால் அது உளுக்கத் தொடங்கிவிட்டது. வெட்டியதைத் தண்ணீரில் ஊறப்போடுவது அந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றத்தான்.

இந்தக் கைகளுக்கு வேலை குறைந்ததன் காரணத்தை நீட்டி முழக்க வேண்டியதில்லை. மீன் இறங்கும் கரையில் பிளாஸ்டிக் பெட்டி, அடுப்படியில் பிளாஸ்டிக் முறம், கல்யாணப் பந்தலில் இரும்புக் குழாய். 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வகையிலிருந்து நீக்கினார்கள். அதனால் வெட்டவும் கொண்டுபோகவும் இருந்த தடை தளர்ந்தது. ஆனால் வாங்க ஆளில்லாதபோது மூங்கில் மட்டும் கிடைத்து என்ன பயன்? இங்கேதான் இன்றைய கலை உள்ளே வருகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். ஓவியத்துக்குச் சோறு போட்டது கைவினை. இன்று கைவினைக்கு ஓவியமும் சிற்பமும் திருப்பிச் செய்யும் முறை என்றே நான் நினைக்கிறேன். அதே கிராமத்தைச் சேர்ந்த பி.வி. ஜானகிராமின் செப்புத் தகட்டுச் சிற்பங்களைப் பாருங்கள். கோயில் விக்கிரகங்களுக்குக் கவசம் அடிக்கும் வேலையின் சாயல் அவற்றில் அப்படியே தெரியும். பழைய கைவேலை நவீனச் சிற்பமாக முடியும் என்பதற்கு மூங்கிலுக்கு வெளியே இருக்கும் நல்ல சான்று அது.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. டெபோரா தியாகராஜன் தொடங்கிய சென்னை கைவினை அறக்கட்டளை 1996இல் திறந்த இடம். லாரி பேக்கரின் பங்கும் அதன் வடிவமைப்பில் உண்டு. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கைவினைஞர்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், இன்றைய கலைக்கான கூடமும் அதே வளாகத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் வீடுகளைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் கூடை முடைபவர் இருக்கும் நாளாகப் பார்த்துப் போய், அவர் எதிரில் அரை மணி நேரம் உட்காருங்கள். மூங்கில் எங்கிருந்து வருகிறது, இந்தப் பத்தை எத்தனை வயது என்று கேளுங்கள். அதன் பிறகு கலைக்கூடத்துக்குள் நுழையுங்கள். கண் மாறியிருக்கும்.

அப்படியே தெற்கே மாமல்லபுரம். ஐந்து ரதங்களில் திரௌபதி ரதம் அப்பட்டமான குடிசை. நாலு பக்கமும் வளைந்து இறங்கும் கூரை, கூரை விளிம்பில் பூவேலை. கொஞ்சம் தள்ளி இருக்கும் பீம ரதத்தின் நீண்ட வண்டிக்கூண்டுக் கூரையையும், அதன் பக்கவாட்டு முகப்பில் குதிரை லாட வடிவில் இருக்கும் கூட்டையும் பாருங்கள். மூங்கிலையும் மரத்தையும் வளைத்துக் கட்டி, மேலே கூரை வேய்ந்த வீடுகளிலிருந்து வந்த வடிவங்கள் இவை என்று கட்டடக்கலை ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். கருங்கல்லுக்கு வளையத் தெரியாது. வளைய வேண்டிய தேவையும் இல்லை. அந்த வளைவு மூங்கிலுக்குச் சொந்தம். 7ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செய்தது அந்தக் காலத்தின் நவீனக் கலை. சாதாரணக் குடிசையின் வடிவத்தை அவர்கள் 1,300 ஆண்டு காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் குடிசையைக் கட்டியவன் எந்த மூங்கிலை எடுத்தான், எப்படி வளைத்தான், எதைக் கொண்டு கட்டினான் என்பதைக் கல்லிடம் கேட்க முடியாது. வடிவம் தங்கிவிட்டது, வேலை தங்கவில்லை. மூங்கிலை வைத்து இன்று செய்யப்படும் எந்தக் கலைப்படைப்பின் முன் நின்றாலும் இந்தப் பீம ரதம் என் நினைவில் வந்துவிடுகிறது.

உலகத்தில் இரண்டு விதமாகச் செய்கிறார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் மொட்டைமாடியில் 2010இல் ஸ்டார்ன் சகோதரர்கள் ஆயிரக்கணக்கான மூங்கில் கழிகளை நைலான் கயிற்றால் கட்டி ஒரு காட்டையே எழுப்பினார்கள். கட்டியவர்கள் பாறையேறும் வீரர்கள். பிரமிப்பான வேலைதான், ஆனால் அதில் மூங்கில் வெறும் கழி. அதே அருங்காட்சியகத்தில் 2017இல் ஜப்பானின் நான்காம் தனாபே சிக்குன்சாய் செய்தது வேறு. தலைமுறை தலைமுறையாகக் கூடை முடைந்த குடும்பத்தின் நான்காவது வாரிசு அவர். புள்ளி விழுந்த புலி மூங்கிலைப் பத்தையாக்கி, நனைத்து, தரையிலிருந்து கூரை வரை முறுக்கி ஏற்றினார். ஒட்டுப் பசையில்லை, பின்னலின் இறுக்கமே அதைத் தாங்கியது. கண்காட்சி முடிந்ததும் பிரித்து, அதே பத்தைகளை அடுத்த படைப்புக்கு எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். எனக்கு இந்த இரண்டாவதுதான் உசத்தி. கூடைக்காரரின் கைக்குத் தெரிந்த எல்லாம் அதில் வேலை செய்கிறது.

ஆகவே கலைக்கூடத்தில் மூங்கில் படைப்பைப் பார்க்கும்போது உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை உண்டு. இதே வடிவத்தை இரும்புக் கம்பியில் செய்தாலும் இப்படியேதான் இருக்குமா? இருக்கும் என்றால் மூங்கில் அங்கே அலங்காரம் மட்டுமே. பத்தைகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்கின்றனவா, உள்ளே ஒளித்த கம்பிச் சட்டம் தாங்குகிறதா? கிட்டப் போய்க் கணுக்களைப் பாருங்கள், முறத்தில் பார்த்தது போலவே. வார்னிஷ் எவ்வளவு கனமாக ஏறியிருக்கிறது, தோல் எது, சதை எது என்று தெரியாத அளவுக்கு மூடிவிட்டதா? எல்லாவற்றையும்விட முக்கியமானது பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டு. கலைஞர் பெயர் இருக்கும். முடைந்தவர் பெயர் இருக்கிறதா?

இல்லையென்றால் கலைக்கூடப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம், பார்வையாளருக்கு அந்த உரிமை உண்டு. "இதை முடைந்தது யார், அவருக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று பத்துப் பேர் கேட்டால் பதினோராவது கண்காட்சியில் பெயர் வரும். தட்சிணசித்ராவிலோ கடைத்தெருவிலோ கூடை வாங்கும்போது விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். வாங்கியதைச் சுவரில் மாட்டிவைக்காமல் புழங்குங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு வெயில் காட்டுங்கள், பூஞ்சை பிடிக்காது. அறுந்துபோனால் எறிந்துவிடாமல் முடைந்தவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள், பத்தை மாற்றித் தருவார். அதற்கும் கூலி கொடுங்கள்.