மின்னஞ்சலின் மூன்று முத்திரைகள் – ஒரு திறனாய்வு

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் சாலையில், காரிமங்கலம் வட்டாரத்தில் மாந்தோப்புகளைக் காணலாம். வைகாசியில் தொடங்கி ஆடி வரை அங்கு மாங்காய்ப் பேச்சுத்தான். பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லப்படும் மாங்காய், இவ்வட்டார ஆலைகளில் மாங்கூழாகிப் பீப்பாய்களில் அடைபட்டு, கடல் கடந்து போகிறது.

அத்தகைய சிறிய ஆலை ஒன்றின் உரிமையாளர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். துபாயிலுள்ள வியாபாரிக்குச் சரக்கு போய்விட்டது. பில்லை மின்னஞ்சலில் அனுப்பியும் விட்டீர்கள். மறுநாள் அதே வியாபாரிக்கு உங்கள் ஆலையின் முகவரியைத் தாங்கி இன்னொரு கடிதம் போகிறது: “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. பணத்தைப் புதிய கணக்கில் செலுத்தவும்.” இதை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் அவர் நம்பிப் பணத்தைச் செலுத்திவிட்டால், தோப்புக்காரர்களுக்கு நீங்கள் தரவேண்டிய தொகை எங்கிருந்து வரும்? ஒரு பருவத்தின் உழைப்பே அல்லவா பறிபோகிறது!

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. வணிக மின்னஞ்சல் மோசடி பற்றி அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறைக்கு 2023ஆம் ஆண்டில் மட்டும் 21,489 புகார்கள் வந்தன. அவற்றில் கூறப்பட்ட இழப்பு 290 கோடி டாலருக்கும் அதிகம்.

இதைத் தடுக்கவென்று மூன்று முத்திரைகள் வகுக்கப்பட்டுள்ளன. சொந்த டொமைன், அதாவது சொந்த இணையப் பெயர், வைத்துள்ள ஒவ்வொரு தொழில் நிறுவனமும் அவற்றைப் பொருத்தவேண்டும் என்கிறார்கள். அவை எவ்வளவு காக்கும்? எங்கே கைவிடும்? இதையே நாம் இங்கு ஆராயப்போகிறோம்.

உறையும் கடிதமும்

மின்னஞ்சல் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் முறையை வகுத்த எஸ்.எம்.டி.பி. என்னும் விதித் தொகுப்பை, 1982 ஆகஸ்டில் ஜோனதன் போஸ்டல் என்ற அமெரிக்க விஞ்ஞானி எழுதி வெளியிட்டார். அதன் எளிமையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ‘வணக்கம், நான் இன்னார்; கடிதம் இவரிடமிருந்து; போகவேண்டியது இவருக்கு; இதோ கடிதம்.’ இரு கணிப்பொறிகளுக்கிடையே நடக்கும் உரையாடல் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் ‘இவரிடமிருந்து’ என்பது மெய்யா என்று கேட்கும் வரி அதில் இல்லை. அன்று வலைப்பின்னலில் இருந்தவை சில நூறு கணிப்பொறிகளே. பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் அவற்றை வைத்திருந்தன. கதவுக்குப் பூட்டு வைக்காததை அன்றைய நிலையில் பிழையென்று சொல்வதற்கில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தபாலில் உறை வேறு, உள்ளே இருக்கும் கடிதம் வேறு. மின்னஞ்சலிலும் அப்படியே. உறையிலுள்ள அனுப்புநர் முகவரி கணிப்பொறிகளின் உபயோகத்துக்கு. உங்கள் கண்ணுக்குத் தெரிவது கடிதத் தலைப்பிலுள்ள முகவரி. இரண்டும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று பழைய விதி வற்புறுத்தவில்லை. இந்த இடைவெளியை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் சிக்கல்களுக்கு அதுவே வேர்.

முதல் முத்திரை: அனுமதிப் பட்டியல்

மூன்று முத்திரைகளுக்கும் அஸ்திவாரம் டி.என்.எஸ். என்னும் பெயர்ப் பதிவேடு. எந்த இணையப் பெயர் எந்தக் கணிப்பொறியைக் குறிக்கிறது என்று சொல்வது அதன் வேலை. உங்கள் பெயருக்குரிய பக்கத்தில் நீங்கள் மட்டுமே எழுதலாம். உலகில் எவரும் படிக்கலாம்.

அந்தப் பக்கத்தில், “எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப உரிமையுள்ள கணிப்பொறிகள் இவை” என்று எழுதி வைப்பதே எஸ்.பி.எஃப். என்னும் முறை. 2003 வாக்கில் உருவாகி, 2006இல் விதியாக அச்சேறி, 2014இல் திருத்தம் பெற்றது. கடிதம் வந்ததும் பெறும் கணிப்பொறி பட்டியலைப் பார்க்கிறது. அனுப்பியவர் அதில் இருக்கிறாரா என்று சரிபார்க்கிறது.

யோசனை நல்லதுதான். ஆனால் இது சரிபார்ப்பது உறையின் முகவரியை; நீங்கள் படிக்கும் கடிதத் தலைப்பை அல்ல! உறையில் தன் சொந்த முகவரியை எழுதி, தலைப்பில் உங்கள் பெயரை அச்சடித்தவன் இந்தச் சோதனையில் தேறிவிடுவான். மறுபுறம், ஒருவர் தம் கல்லூரி முகவரிக்கு வருவதை ஜிமெயிலுக்குத் திருப்பி விட்டிருந்தால், கடைசியில் கடிதத்தைக் கொடுப்பது கல்லூரிக் கணிப்பொறி. அது உங்கள் பட்டியலில் இல்லையாதலால் நேர்மையான கடிதமும் தோற்கக்கூடும்.

நடைமுறைத் தொல்லைகளும் உண்டு. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம். புதிய பில் மென்பொருள் வாங்கியபோது இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமற் போகும். பட்டியலைப் படிக்கும்போது பதிவேட்டை பத்து முறைக்குமேல் தேடவேண்டி வந்தாலும் சோதனை தோல்வியே.

இரண்டாம் முத்திரை: கையொப்பம்

யாஹூ, சிஸ்கோ நிறுவனங்களின் இரு முறைகளை இணைத்து 2007இல் விதியானது டி.கே.ஐ.எம். இதற்கு ஆதாரம் இரட்டைச் சாவித் தத்துவம். இரகசியச் சாவி அனுப்பும் கணிப்பொறியில் இருக்கும். அதற்கு இணையான பொதுச் சாவி பதிவேட்டில் இருக்கும். இரகசியச் சாவியால் இட்ட கையொப்பத்தைப் பொதுச் சாவியால் சோதிக்கலாம். ஆனால் பொதுச் சாவியை வைத்துக்கொண்டு கையொப்பம் இட முடியாது.

மூன்றிலும் கணித அழகுடையது இதுவே. கடிதம் எந்த வழியாகச் சுற்றி வந்தாலும், கையொப்பத்துக்கு உட்பட்ட பகுதி மாறாதிருந்தால் முத்திரை செல்லும். வங்கிக் கணக்கு எண்ணில் ஒரு இலக்கத்தை வழியில் யாரேனும் மாற்றினால் முத்திரை உடைந்துவிடும். ஆனால் ஒரு மின்னஞ்சல் குழு, கடிதத்தின் அடியில் தன் பெயரை நல்லெண்ணத்தோடு சேர்த்தாலும் அதே கதிதான். 2,048 பிட் நீளமுள்ள பொதுச் சாவி, பதிவேட்டில் ஒரு துண்டுக்கு உரிய 255 எழுத்து வரம்புக்குள் அடங்காது, துண்டாக்கி எழுதவேண்டும். நகல் எடுக்கும்போது ஓர் எழுத்து விட்டுப்போனாலும் கையொப்பம் பயனற்றது.

மூன்றாம் முத்திரை: கட்டளை

உறைக்கும் தலைப்புக்கும் உள்ள இடைவெளியை அடைக்க வந்தது டிமார்க். 2012இல் அறிவிக்கப்பட்டு, 2015 மார்ச்சில் ஆவணமாக வெளியானது. முதலிரு முத்திரைகளில் ஒன்றாவது தேறவேண்டும். தேறிய அந்தப் பெயர் கடிதத் தலைப்பிலுள்ள டொமைனோடு பொருந்தவும் வேண்டும் என்கிறது இது. பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதை டொமைன் உரிமையாளரே பதிவேட்டில் எழுதலாம். ‘எதுவும் செய்யாதே’, ‘ஒதுக்கி வை’, ‘திருப்பி விடு’ என மூன்று கட்டளைகள் உண்டு. தம் பெயரில் யார் யார் கடிதம் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கையும் அவருக்கு வரும்.

சொல்லளவில் இது சிறந்த ஏற்பாடு. செயலில் நடப்பது என்ன? 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாகக் கடிதம் அனுப்புவோரிடம் மூன்று முத்திரைகளையும் கேட்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்கள் என்பது கூகுள் வகுத்த எல்லை. ஆனால் டிமார்க்கில் ‘எதுவும் செய்யாதே’ என்று எழுதியிருந்தாலே நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. இது வாசலில் காவலாளியை நிறுத்தி, “யாரையும் தடுக்காதே” என்று சொல்லி வைப்பதைப் போன்றது. பலர் அத்தோடு நின்றுவிடுவதில் வியப்பில்லை. அடுத்த படிக்கு வழிகாட்டவேண்டிய அறிக்கையோ எக்ஸ்.எம்.எல். என்னும் இயந்திர நடையில் வருகிறது. அதைப் பிரித்துப் படித்துப் பொருள் காண மாங்கூழ் ஆலையின் கணக்கரால் முடியுமா? விதியை எழுதிய நிபுணர்கள், அதைப் பின்பற்றப் போகும் சிறு தொழிலாளரை மனத்தில் வைத்து எழுதவில்லை என்பதே என் முதற்பெரும் குறை.

முத்திரை சொல்லாதது

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 2015ஆம் ஆண்டில் பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யை ஒட்டி ஒரு மோசடி செய்தியானது. சவூதி அராம்கோ நிறுவனம் நாப்தாவுக்காகச் செலுத்தவேண்டிய, சுமார் 197 கோடி ரூபாய் மதிப்புள்ள தொகையை வேறு கணக்குக்குத் திருப்பிவிட்டார்கள் என்று புகார் எழுந்தது. கையாண்ட தந்திரம் என்ன தெரியுமா? ஓ.என்.ஜி.சி. என்னும் பெயரில் நடுவிலுள்ள இரண்டு ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி, ஓ.ஜி.என்.சி. என்று ஒரு முகவரி! அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கு அது தெரியுமா?

இங்கேதான் மூன்று முத்திரைகளும் வாயடைத்து நிற்கின்றன. போலிப் பெயரைப் பதிவு செய்தவன் அந்தப் பெயருக்குச் சட்டப்படி உரிமையாளன். அவனும் மூன்று முத்திரைகளையும் ஒழுங்காகப் பொருத்தலாம், சோதனையில் தேறலாம். உங்கள் அலுவலகக் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே நுழைந்தவனுடைய கடிதத்திலும் அசல் கையொப்பமே விழும். முத்திரை பெயருக்குச் சாட்சி. கடிதத்தின் உண்மைக்குச் சாட்சி அன்று.

அப்படியானால் இவை வேண்டாமா? கட்டாயம் வேண்டும். உங்கள் பெயரையே அப்படியே திருடுபவனை இவை தடுக்கும். அவனை வேறு பெயர் தேடி ஓடச் செய்யும். முதலில் அலுவலக அஞ்சல், பில் மென்பொருள், இணையதளப் படிவம் என்று உங்கள் பெயரில் கடிதம் அனுப்பும் அனைத்தையும் பட்டியலிடுங்கள். முதலிரு முத்திரைகளை அவற்றுக்கேற்பப் பொருத்துங்கள். டிமார்க்கை ‘எதுவும் செய்யாதே’ என்று தொடங்கி, சில வாரங்கள் அறிக்கைகளைப் பார்த்து விட்டுப்போனதைச் சேர்த்து, ‘ஒதுக்கி வை’, பிறகு ‘திருப்பி விடு’ என்று ஏறுங்கள். முதற்படியிலேயே தங்கிவிடாதீர்கள். அதோடு, வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், அக்கடிதத்திலுள்ள எண்ணை விட்டுவிட்டு, ஏற்கெனவே தெரிந்த எண்ணில் பேசிக் கேட்கவேண்டும் என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எந்த விதித் தொகுப்பிலும் இல்லாத நான்காம் முத்திரை அது.

மாணவர்களுக்கு ஒரு சிறு சோதனை. கணிப்பொறியில் ஜிமெயிலைத் திறந்து, வங்கியிலிருந்து வந்த ஒரு கடிதத்தில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று முத்திரைகளும் தேறியனவா என்பது மேலேயே தெரியும். அதன்பின் அனுப்புநர் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். முதல் வேலையைக் கணிப்பொறி உங்களுக்காகச் செய்துவிட்டது. இரண்டாவதை நீங்கள்தான் செய்யவேண்டும்.