பொழுது திரிந்த நிலமும் நம் இலக்கியமும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது தமிழ் மரபு. பாலைக்குத் தனி நிலமில்லை, பிற நிலங்கள் திரிந்தே பாலையாகும் என்பதையும் அம்மரபு அறிந்திருந்தது. ஆனால், திரிப்பவர் யார் என்ற கேள்வி அன்று எழவில்லை. எழவேண்டிய தேவையும் இருக்கவில்லை. இன்றோ அக்கேள்வியைத் தவிர்த்துவிட்டு மழையைப் பற்றியோ கடலைப் பற்றியோ நேர்மையாக எழுத முடியாது என்பதே நமது வாதம்.

கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளிமண்டலத்திற் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து இலாபம் குவித்த பொருளாதார முறையே இதற்குத் தலையாய காரணம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. இவை யாழ்ப்பாணத்துக்குத் தொலைவான செய்திகள் அல்ல. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத இக்குடாநாடு, மாரி மழையைச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிற் சேமித்தே உயிர் வாழ்கிறது. அந்த நன்னீர், கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் அடிநீர் உவராகவும் இருப்பது இதற்குச் சான்று. மழை பொய்த்தாலும், கடல் உயர்ந்தாலும், அளவு மீறி இறைத்தாலும் உவரே மேலேறும்.

இந்நிலையில் நம் எழுத்து என்ன செய்கிறது? 2008 நவம்பரில் நிஷா புயலும் 2020 டிசெம்பரிற் புரெவிப் புயலும் குடாநாட்டை வெள்ளக்காடாக்கின. இத்தகைய அழிவுகளின் பின் பாடசாலை மலர்களிலும் வார இதழ்களிலும் வரும் கவிதைகளிற் பெரும்பாலானவை இயற்கையின் சீற்றத்தையும் கடலன்னையின் கோபத்தையுமே பாடுகின்றன. அன்னை கோபித்தாள் என்றால் வணங்கி நிற்பதன்றிப் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை. பழைய விதிக்கொள்கை புதிய உடையிற் புகுந்துவிடுகிறது, குற்றவாளி தப்பிவிடுகிறான்.

இன்னொரு சாரார், “மனிதா, நீயே குற்றவாளி” என்று முழங்குகின்றனர். இது முற்போக்காகத் தோன்றினும் அரை உண்மையே. இலங்கையில் ஒருவர் பேரால் வெளியாகும் காபனீரொட்சைட்டு, உலக சராசரியின் மூன்றிலொரு பங்குகூட இல்லை. வெங்காயத் தோட்டக் கூலியாளையும் எண்ணெய்க் கம்பனி முதலாளியையும் ‘மனிதன்’ என்ற ஒரே சொல்லில் அடைப்பது யாருக்கு உதவும்?

இதனால் நம் மண்ணிற் குற்றமே இல்லை என்பதல்ல. துலா நின்ற இடத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. உழைப்பு குறைந்தது நன்மையே. ஆனால், எவ்வளவு இறைக்கலாம் என்பதைத் தனியார் தேவையே தீர்மானித்தது. அளவின்றி இட்ட செயற்கை உரம் நைத்திரேற்றாகக் கிணறுகளிற் சேர்ந்தது. சுன்னாகத்தில் மின்னுற்பத்திக்கான எண்ணெய் நிலத்திற் கசிந்து சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தனியார் மின் நிறுவனமொன்றைப் பொறுப்பாக்கி, இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. எரிந்த எண்ணெய் வானத்தைச் சூடாக்கிற்று. எரியாத எண்ணெய் கிணற்றை நஞ்சாக்கிற்று. உலகப் பிரச்சினையும் ஊர்ப் பிரச்சினையும் ஒன்றே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? நாவலொன்றுக்கு உரிய இக்கருவை நம் எழுத்தாளர் கண்ணுற்றுக் கைக்கொள்ள வேண்டாமா?

வழி காட்டுவார் நமக்கு இல்லாமலில்லை. கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டார். சாதியால் ஒடுக்கப்பட்டோருக்கு நீர் மறுக்கப்பட்ட கொடுமையை எழுதிய அவர், தாகத்தை இயற்கையின் தலையிற் சுமத்தவில்லை. கிணற்றின் உரிமை யார் கையில் என்று கேட்டார். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலிலோ மீனவர் பருவத்தை நம்பி நெடுந்தீவுக்கு வருகின்றனர். அன்றைய வாழ்வுக்கு அது உண்மை. இன்று எழுதுவோன் அந்த நம்பிக்கையை அப்படியே இரவல் வாங்கினால், அது யதார்த்தமாகாது. பழைய ஓவியத்தின் பிரதியாகவே முடியும்.

புள்ளிவிவரத்தைச் செய்யுளாக்குமாறு நாம் கேட்கவில்லை. உவரேறிய கிணற்றை விட்டுத் தண்ணீர் வண்டிக்குக் காத்து நிற்கும் பெண்ணை எழுதுக. அவளை அங்கே நிறுத்தியவர் யார் என்பதையும் எழுதுக. டானியல் கேட்ட கேள்வியைக் கிணற்றோடு நிறுத்தாமல், மழைக்கும் காற்றுக்கும் கடலுக்கும் விரித்துக் கேட்பதே இன்றைய முற்போக்கு இலக்கியத்தின் கடமை. மனிதர் திரித்ததை மனிதரே திருத்த முடியும். அந்த நம்பிக்கையை ஊட்டாத எழுத்து, எத்துணை அழகாயினும், நம் மாணவருக்கு வேண்டாம்.