வீட்டைக் காப்பாற்றினார்கள், குடியிருந்தவர்கள் எங்கே?

"பழைய வீட்டைக் காப்பாத்துறது நல்ல காரியந்தானே, அதுல என்னங்க அரசியல்?" என்று கேட்பார்கள். அரசியல் இருக்கிறது. அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரத்தில், பெண்கள் முன்னின்று நடத்திய ஒரு மரபுப் பாதுகாப்புச் சங்கத்தின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்.

1920இல் ஜோசப் மானிகோ மாளிகை இடிபட இருந்தது. 1803இல் கட்டிய வீடு. சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட் என்ற பெண் ஊராரைத் திரட்டிப் பழைய குடியிருப்புகளைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். 1931இல் நகராட்சி பழைய வீடுகள் நிறைந்த பகுதியைத் தனி வட்டாரமாக்கிப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அமெரிக்காவிலேயே அப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். 1933இல் மாளிகை சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தின் கைக்கு வந்தது. ஃப்ராஸ்ட் லேசுப்பட்டவர் இல்லை. பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடியவர். ஆண்களின் கோட்டையான வீடு, மனை வியாபாரத்தில் தனியாக நின்றவர். இதையெல்லாம் நாம் மறுக்க வேண்டியதில்லை.

சங்கத்தின் வரலாறு பல காலம் இப்படியே சொல்லப்பட்டது: இடிக்க வந்த வியாபாரிகள், தடுத்து நின்ற பெண்மணிகள், மீட்கப்பட்ட அழகு. இந்தக் கதையாடலில் கறுப்பர் ஒருவர்கூடத் தலைகாட்டுவதில்லை. பாதிக்கு மேல் அவர்கள் கையால் எழும்பிய ஊரில் அவர்கள் எங்கே போனார்கள்?

மானிகோ குடும்பம் அரிசிப் பண்ணைக் குடும்பம். ஜோசப் மானிகோவுக்குப் பாட்டன் சொத்தாக வந்தவை பண்ணைகளும் இருநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளும். சேற்றில் நின்று நெல் விளைவித்தவர்களின் உழைப்புதான் அந்த மாளிகையாக நிற்கிறது. சார்ல்ஸ்டனின் பழைய செங்கல் சிலவற்றில், ஈர மண்ணை எடுத்து அடுக்கிய அடிமைகளின் விரல் பதிவுகள் இன்றும் தெரிகின்றன. செங்கல் சொன்ன சாட்சியத்தைச் சங்கத்தின் கதை சொல்லவில்லை.

அடுத்தது வெளியேற்றம். உள்நாட்டுப் போருக்குப் பின் நொடித்துப்போன அந்த வீடுகளில் ஏழைக் கறுப்புக் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. டிராட் தெருவில் ஃப்ராஸ்ட் வீடுகளை வாங்கினார், குடியிருந்தவர்களைக் காலி செய்தார், புதுப்பித்தார், வசதியான வெள்ளையருக்கு விற்றார். இதற்கு வைத்த பெயர் சீரமைப்பு. அந்தக் காலத்து வெள்ளை மேட்டுக்குடியினர் தங்கள் நினைவையே ஊரின் நினைவாக்கிய விதத்தை ஸ்டெஃபனி யூல் 2005இல் வந்த தன் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இன்னொன்றையும் பாருங்கள். 1922இல் அதே ஊரில், பண்ணையார்களின் வாரிசுகள் கூடி, அடிமைகளின் ஆன்மீகப் பாடல்களைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். உறுப்பினர் எல்லாரும் வெள்ளையர். பாட்டு வேணும், பாடினவங்க வேணாம்! வீட்டில் நடந்ததுதான் பாட்டிலும் நடந்தது.

அப்போ கறுப்புப் பெண்கள் சும்மாவா இருந்தார்கள்? நகரத்துக் கறுப்பர் பள்ளிகளில்கூடக் கறுப்பர் பாடம் நடத்தக்கூடாது என்று தடை இருந்தது. 1919இல் செப்டிமா கிளார்க் என்ற இளம் ஆசிரியை வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். 1920இல் தடை உடைந்தது. ஃப்ராஸ்டின் சங்கம் பிறந்த அதே வருஷம்! ஒருத்தி காத்தது சுவரை, இன்னொருத்தி காத்தது பிள்ளைகளின் படிப்பை. முதலாவதுக்கு 'மரபு' என்று பெயர் கிடைத்தது. இரண்டாவதுக்கு 1956இல் வேலைநீக்கம் கிடைத்தது. கறுப்பர் உரிமை அமைப்பில் உறுப்பினராக இருந்ததுதான் குற்றம். பெண்களுக்கு ஓட்டு வந்ததும் 1920இல்தான். ஆனால் தெற்கில் கறுப்புப் பெண்களில் பெரும்பாலோர் 1965இன் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'பெண்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த இருவரையும் அடைத்துவிட முடியாது.

கிளார்க் படித்ததும் பாடம் நடத்தியதும் ஏவரி பள்ளியில். 1865இல் தொடங்கி 1954இல் மூடப்பட்ட பள்ளி அது. அதன் பழைய மாணவர்கள் 1978இல் அமைப்பாகித் தங்கள் வரலாற்றைத் திரட்டினார்கள். 1985இல் அது ஆய்வு மையமானது. இதுவும் மரபுப் பாதுகாப்புதான். இங்கே யாரையும் காலி செய்யவில்லை. ஃப்ராஸ்ட் தொடங்கிய சங்கமும் இன்று கறுப்பர்களின் இடுகாடுகளைத் தேடிக் குறித்துவருகிறது. நல்லதுதான். ஆனால் டிராட் தெருவிலிருந்து போனவர்களின் வீடு திரும்பி வரப்போவதில்லை.

1972இல் மராட்டிய மண்ணில் எழுந்த தலித் பேந்தர் இயக்கம் அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்துதான் தன் பெயரை எடுத்துக்கொண்டது. பெயரை மட்டும் வாங்கினால் போதாது, அவர்கள் கேட்ட கேள்வியையும் வாங்கிக்கொள்ள வேண்டும். மரபு, பாரம்பரியம், புராதனம் என்று யாராவது பலகை மாட்டினால், பலகையைப் படிப்பதற்கு முன்னால் கேளுங்கள்: இதைக் கட்டினது யாரு? இங்க இருந்தவங்க எங்க?