வெட்டுண்ட படச்சுருளும் மீண்டெழுந்த இயக்குநரும்: லூச்சோ ஃபுல்ச்சி குறித்த மறுமதிப்பீடு

இத்தாலியத் திரைப்பட இயக்குநர் லூச்சோ ஃபுல்ச்சி (1927–1996) உரோம் நகரில் பிறந்தவர். மருத்துவக் கல்வியை விடுத்துத் திரைத்துறைக்கு வந்தவர். ஸ்டெனோ என்னும் நகைச்சுவைப் பட இயக்குநரிடம் உதவியாளராக இருந்து, 1959இல் தம் முதற் படத்தை இயக்கினார். அதன்பின் இருபது ஆண்டுகள் பாட்டுப்படம், நகைச்சுவைப் படம், வரலாற்றுப் படம், மேற்கத்தியப் படம், கொலைப் புதிர்ப் படம் எனச் சந்தை கேட்டவற்றையெல்லாம் எடுத்தளித்தார். 'ஜாம்பி 2' (1979) வெளிவந்த பின்னரே அவர் பெயர் இத்தாலிக்கு வெளியே பரவலாயிற்று. அப்போதும் அது நற்பெயராக இல்லை. குருதியைக் காட்டிக் காசு பார்ப்பவர் என்பதே நாளிதழ்த் திறனாய்வாளர் பலர் அவருக்கு அளித்த இடம்.

இந்த மதிப்பீட்டை மாற்றியவர்கள் ரசிகர்கள். கல்விப்புலம் பின்னரே வந்து சேர்ந்தது. எனினும் ரசிகர்களின் ஆர்வத்தைக் கண்மூடித்தனமான பற்று என ஒதுக்குவது அவர்கள் செய்த பணியை அறியாமையின் விளைவு. அவர்கள் முதலில் செய்தது புகழுரை அன்று, பாட மீட்பு.

'தி பியாண்ட்' (1981) என்னும் படத்தின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். அமெரிக்காவில் இப்படம் 1983இல் '7 டோர்ஸ் ஆஃப் டெத்' என்னும் வேறு பெயரில் வெளியிடப்பட்டது. காட்சிகள் வெட்டப்பட்டன. ஃபாபியோ ஃப்ரிட்சியின் இசை நீக்கப்பட்டு வேறிசை சேர்க்கப்பட்டது. இயக்குநர் பெயர் 'லூயி ஃபுல்லர்' என மாற்றப்பட்டது. பிரிட்டனிலோ ஒளிநாடாக்களைத் தணிக்கைக்கு உட்படுத்தும் சட்டம் 1984இல் இயற்றப்பட்ட சூழலில், அரசு வழக்குத் தொடுத்த நாடாக்களுள் 'ஜாம்பி 2' இடம்பெற்றது. ஆக, பெயர் திரிந்து, உறுப்புக் குறைந்து, ஓசை மாறிய ஒரு படியைக் கண்டே பலரும் ஃபுல்ச்சிக்குக் கதை சொல்லத் தெரியவில்லை எனத் தீர்ப்பு வழங்கினர்.

ரசிகர்கள் பல நாட்டு நாடாக்களைத் தேடிப் பெற்றனர். ஒவ்வொன்றின் ஓடுநேரத்தையும் குறித்தனர். ஒரு படியில் இல்லாத காட்சி மற்றொன்றில் இருப்பதைக் கண்டு பட்டியலிட்டனர். சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறிக்கும் பதிப்பாசிரியர்தம் உழைப்பை அறிந்த தமிழாய்வாளர்க்கு இம்முயற்சி அயலாகத் தோன்றாது. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிட்டதன் பின்னரே அக்காப்பியம் பற்றிய பரந்த உரையாடல் இயலுவதாயிற்று. இரு நூல்களின் தகுதி வேறு, முறையியல் ஒன்று. மூலபாடம் கைக்கு வராமல் திறனாய்வு தொடங்க இயலாது.

1998இல் 'தி பியாண்ட்' வெட்டின்றி அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. இயக்குநர் குவெண்டின் டரண்டினோவின் வெளியீட்டு நிறுவனம் அதற்குத் துணைநின்றது. ரோஜர் ஈபர்ட் அப்போதும் அதனைக் கடுமையாகச் சாடினார். மறு ஆண்டில் ஸ்டீபன் த்ரோவர் ஃபுல்ச்சியின் படங்கள் முழுமையையும் ஆராயும் 'பியாண்ட் டெரர்' என்னும் நூலை வெளியிட்டார். ஃபுல்ச்சி இவற்றைக் காணவில்லை. 1996 சனவரியில் நியூயார்க்கில் நடந்த திகில் பட விழாவில் திரண்ட ரசிகர் கூட்டத்தை மட்டும் கண்டு, அதே ஆண்டு மார்ச்சில் மறைந்தார்.

மீட்கப்பட்ட பாடம் எதனை வெளிப்படுத்தியது? 'தி பியாண்ட்' படத்தில் காரண காரியத் தொடர்ச்சி தளர்ந்தே உள்ளது. முழுப்படியும் அதனைச் சீர்செய்யவில்லை. மருத்துவமனைப் படிக்கட்டில் இறங்கி ஓடும் இருவர், பல கல் தொலைவிலுள்ள விடுதியின் நிலவறையில் தம்மைக் காண்கின்றனர். அங்கிருந்து சாம்பல் நிறப் பாழ்வெளியை அடைந்து பார்வை இழக்கின்றனர். அப்பாழ்வெளியோ படத்தின் தொடக்கத்தில் ஓர் ஓவியன் தீட்டிக்கொண்டிருந்த ஓவியம். கதைக்கட்டு வேண்டாத, படிமங்களால் மட்டும் இயங்கும் படம் ஒன்றைத் தாம் விரும்பியதாக ஃபுல்ச்சி பேட்டிகளில் கூறியுள்ளார். தோல்விக்குப் பின் சொல்லப்பட்ட சமாதானமாக இதனை ஐயுறுவோர் உளர். ஆயினும் இறுதிக் காட்சியின் கட்டமைப்பு அந்த ஐயத்துக்கு இடம் தரவில்லை. முதலில் காட்டிய ஓவியத்துக்குள்ளேயே பாத்திரங்களைக் கொண்டு சேர்த்தல் கவனக்குறைவால் நிகழ்வதன்று.

தொல்காப்பியர் அச்சத்தையும் இளிவரலையும் வெவ்வேறு மெய்ப்பாடுகளாக வகுத்தமை இங்குப் பயன்தரும். ஃபுல்ச்சியை எதிர்த்தோர் அவர் படங்களில் அருவருப்பை மட்டும் கண்டனர். போற்றியோர் அச்சத்தை மட்டும் பேசினர். 'ஜாம்பி 2' படத்தில் மரச்சிராய் கண்ணை நோக்கி மெல்ல நெருங்கும் காட்சியில், நெருங்கும் வரை அச்சம். துளைத்த பின் இளிவரல். முன்னதன் நீட்சியில்தான் இயக்குநரின் திறம் உள்ளது. பின்னது எவராலும் செய்யக்கூடியது.

மறுமதிப்பீட்டின் குறையும் இவ்விடத்தே தொடங்குகிறது. வெட்டப்பட்டது எதுவாயினும் அது மேலானது என்னும் எண்ணம் ரசிகர் எழுத்தில் மெல்லப் படிந்துவிட்டது. பிரிட்டனில் 1984இல் தணிக்கைச் சான்று மறுக்கப்பட்ட 'தி நியூயார்க் ரிப்பர்' (1982) படத்தில் பெண்ணுடல் சிதைக்கப்படும் முறை, கொலைகாரனின் பார்வையிலிருந்து தன்னை விலக்கிக்கொள்வதே இல்லை. அதனை நகர வாழ்வின் மீதான விமரிசனம் என விளக்க முயல்வோர் சட்டகத்துக்குள் இல்லாத ஒன்றைச் சட்டகத்தின் மேல் ஏற்றுகின்றனர். பாடத்தை மீட்பது ஒரு கடமை. மீட்ட பாடத்தைப் போற்றியே ஆகவேண்டும் என்பதில்லை.

ஃபுல்ச்சியின் உயர்ந்த படைப்பு, அவர் 'திகில் இயக்குநர்' ஆவதற்கு முன்னர் எடுத்த, 'வாத்துக்குஞ்சை வதைக்காதே' எனப் பெயர் பொருள்படும் 1972ஆம் ஆண்டுப் படமே. தென்னித்தாலியக் கற்பனைக் கிராமமொன்றில் சிறுவர்கள் கொல்லப்படுகின்றனர். மந்திரக்காரி எனப் பழிக்கப்பட்ட பெண்ணைக் காவலர் குற்றமற்றவள் என விடுவிக்கின்றனர். ஊரார் அவளை இடுகாட்டில் சங்கிலியால் அடிக்கின்றனர். அருகில் வானொலி இனிய காதற்பாடலை ஒலித்துக்கொண்டிருக்கிறது. உண்மைக் கொலையாளி ஊர் மதிக்கும் இளம் பாதிரியார் என்பது பின்னரே தெரியவருகிறது. தொல்காப்பியர் அச்சத்தின் நிலைக்களன்களாகச் சுட்டிய அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கனுள் அவளை அடித்த ஊரார் எதிலும் அடங்குவதில்லை. குருதி வடிய அவள் தவழ்ந்து சென்று புதிய நெடுஞ்சாலையின் விளிம்பை அடைகிறாள். விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்கள் கார்க் கண்ணாடி வழியே அவளைப் பார்க்கின்றன. எந்தக் காரும் நிற்பதில்லை.